மாடி ஷவர் கழிவுநீர்: மழைநீர்க் குழாயில் சேர்க்காதீர்கள்

மாடி ஷவர் தண்ணீரை மழைநீர்க் குழாயிலேயே இணைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இணைக்க வேண்டாம். சோப்பும் முடியும் அதில் அடைத்தால், அடுத்த கனமழையில் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும்.

நீங்கள் சொன்னபடி உங்கள் மாடியில் சங்கன் ஸ்லாப் (குழாய் பதிக்கத் தாழ்த்திப் போட்ட தளம்) இல்லை. ஷவரிலிருந்து வெளிச்சுவர் 3 மீட்டர். 75 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்க்கு (கழிவுநீருக்கான பி.வி.சி. குழாய்) 40க்கு 1 சரிவு என்றால் 7.5 செ.மீ. இறக்கம். குழாய், டிராப் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு), டைல்ஸ் கலவையும் சேர்ந்தால் தரை 20 செ.மீ.க்கு மேல் உயரும், ஸ்லாப்பில் பாரமும் ஏறும். முடிந்தால் ஷவரையே வெளிச்சுவர் ஓரம் மாற்றுங்கள்; அதுதான் மலிவு.

முடியாவிட்டால் கோர் கட்டிங் மெஷினில் (கான்கிரீட்டில் வட்டமாகத் துளையிடும் கருவி) ஸ்லாப்பைத் துளைத்து, கீழ்த்தள சீலிங்குக்கு அடியில் குழாயைக் கொண்டுபோங்கள். பீம் பக்கம் போகவே கூடாது. சுத்தியலால் உடைத்தால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டு, பின்னால் அங்கேதான் கசியும்.

டிராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் வரும். திருப்பத்தில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு. வெளிச்சுவரில் இறங்கும் செங்குத்துக் குழாயை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி கௌல் (காற்றுப் போகும் மூடி) மாட்டுங்கள். கீழே கல்லி டிராப் (தரைமட்டத்தில் வைக்கும் டிராப்) வழியாகச் சேம்பருக்கு (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் மூடிபோட்ட தொட்டி) விடுங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன், வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்ததும், தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.