வாடகை வீட்டில் மாரா ஜேட் – கடிதம்

வணக்கம் அண்ணே,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் செட்டுக்குள் பெரிய சண்டை. நாங்கள் நான்கு பேர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் கூடுவோம், பேச்சு முழுக்க இதுதான். நான் ‘எயர் டு தி எம்பயர்’ படித்த நாளிலிருந்து மாரா ஜேட் கட்சி, அந்த நாவலில் வந்து பிற்பாடு படங்களின் நாயகன் லூக்கைக் கல்யாணம் செய்துகொள்கிறாளே, அவள். எந்த வருஷம் எந்த நாவலில் என்ன நடந்தது என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

என் நண்பன் சொல்கிறான், 2014-லேயே கம்பெனிக்காரன் அதெல்லாம் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டானாம். மாரா ஜேட் என்று ஒரு ஆளே கிடையாது, லூக்குக்குக் கல்யாணமே ஆகவில்லை, நீ வைத்திருப்பது செல்லாத நோட்டு என்கிறான். ‘ஸ்ப்ளிண்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ நாவலில் லூக்கும் லேயாவும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையைக் காட்டி, அண்ணன் தங்கச்சியை இப்படியா எழுதுவார்கள், இந்த நாவல்கள் மொத்தமும் தப்பு என்றும் சொல்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். நடக்கவே இல்லை என்றால் இத்தனை வருஷம் நான் படித்தது என்ன அண்ணே?

வ.,
கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

‘செல்லாத நோட்டு’ நன்றாக இருக்கிறது. உங்கள் நண்பரை ஒருநாள் பார்க்க வேண்டும்.

தகவலில் அவர் சொல்வது சரிதான். 2012-ல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கியது, புதுப் படங்கள் வரப்போகின்றன என்றானது, அதற்குள் நாவல்காரர்கள் லூக்குக்குக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைக்கு மீசை முளைக்கும் வயது வரைக்கும் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அதன் மேல் படம் எடுக்க முடியாது. 2014 ஏப்ரலில் அத்தனை நாவல்களுக்கும் காமிக்ஸுக்கும் ‘லெஜண்ட்ஸ்’ என்று ஒரு பெயர் கொடுத்துத் தனியாக ஒதுக்கினார்கள். எரிக்கவில்லை, தடை செய்யவில்லை, மறுபதிப்புகூட வருகிறது. கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலையில் ஆறு மணிக்கு மேல் மோட்டார் கிடையாது, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. படத்தையோ தொடரையோ ஒட்டி நாவல் எழுதுகிறவர் அந்த மாதிரி ஒரு வாடகைக்காரர். ஹான் சோலோவைக் கொல்ல முடியாது, லூக்குக்குத் தன் இஷ்டத்துக்குப் பெண் பார்க்க முடியாது, எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அந்த வீட்டில் ‘எயர் டு தி எம்பயர்’ எழுதிய டிமதி ஜான் 1991-ல் குடிவந்து, அனுமதி வாங்கியே, ஆணி மட்டுமில்லை, ஒரு மாடியே எழுப்பிவிட்டார். அப்புறம் வீட்டுக்காரர் கைமாறி மொத்தத்தையும் இடித்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது பார்த்திருப்பீர்கள், தேக்குக் கதவை மட்டும் பத்திரமாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள், புது வீட்டில் மாட்ட. ஜான் அந்த நாவலில் படைத்த வில்லன் த்ரான் அந்தக் கதவு. 2016-ல் ‘ரெபல்ஸ்’ தொடருக்குள் அவனைக் கொண்டுவந்தார்கள், 2017-ல் அதே ஜானை உட்காரவைத்து அவனுக்கு நாவலும் எழுதச் சொன்னார்கள். மாரா ஜேட் இடிபாட்டிலேயே நின்றுவிட்டாள். அதில் எனக்கும் வருத்தம்தான். (காலி செய்துகொண்டு போனவர்களும் உண்டு. மாண்டலோரியர்கள் என்ற கவச வீரர் கூட்டத்துக்கு ஒரு மொழியையே வளர்த்துக் கொடுத்த நாவல்காரர் கேரன் ட்ராவிஸ், ‘க்ளோன் வார்ஸ்’ தொடர் அதே மாண்டலோரியர்களை வேறு மாதிரி மாற்றப்போகிறது என்றானதும் 2009-ல் ஸ்டார் வார்ஸ் எழுதுவதை நிறுத்தினார். ஒப்பந்த விஷயமும் இருந்தது.)

‘ஸ்ப்ளிண்டர்’ விஷயத்தில்தான் உங்கள் நண்பர் தப்பு. வருஷத்தைப் பாருங்கள். ஆலன் டீன் ஃபாஸ்டரின் அந்த நாவல் 1978-ல் வந்தது. முதல் படம் சுமாராக ஓடினால் கம்மிச் செலவில் அடுத்த படமாக எடுத்துவிடலாம் என்ற யோசனையில் எழுதச் சொன்ன கதை அது. அதனால்தான் கிரகம் முழுக்கப் பனிமூட்டம், செட் போடும் செலவு மிச்சம். ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, அதனால் ஹான் சோலோ கதையிலேயே இல்லை. லூக்கும் லேயாவும் கூடப் பிறந்தவர்கள் என்று திரையில் சொன்னது 1983-ல். ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற உறவுமுறைக்கு ஃபாஸ்டர் எப்படிப் பொறுப்பாவார்? நம் கல்யாண வீடுகளில் நடக்காததா, முறைப்பையன் என்று சொல்லி வளர்த்துவிட்டு, யாரோ ஒரு பெரியப்பா வந்து விரல் விட்டு எண்ணி, ‘ஐயோ, இது அண்ணன் முறை ஆகுதே’ என்பார். அதுவரை பார்த்த பார்வையெல்லாம் குற்றமாகிவிடுமா!

படம் நாவலுக்குக் கட்டளையிடும், நாவல் கைகட்டி நிற்கும் என்றே நாம் பேசுகிறோம், எப்போதும் அப்படி இல்லை. ஸ்டார் ட்ரெக்கில் சூலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-லிருந்து திரையில் இருக்கிறார், கப்பல் ஓட்டுகிறார், வெறும் சூலு. முழுப்பெயர் கிடையாது. வோண்டா மெக்கின்டயர் 1981-ல் ‘தி என்ட்ரபி எஃபெக்ட்’ நாவலில் ஹிகாரு என்று ஒரு பெயர் வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1991-ல், ஆறாவது படத்தில் அவரே தன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார், ஒயர்மேன் என்றால்தான் தெரியும், ஃபியூஸ் போனால் ஓடிவருவார், இருபது வருஷம் ஒயர்மேன் அண்ணன். அவர் பெயர் தட்சிணாமூர்த்தி என்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சூலுவுக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு வாடகைக்காரர் பெயர் வைத்தார், வீட்டுக்காரர் அதை வாசலில் எழுதிக்கொண்டார்.

நீங்கள் கேட்டது இதெல்லாம் இல்லை, தெரியும். நான் படித்தது என்ன என்று கேட்டீர்கள். அதற்கு எங்கள் ஆயாவைக் கூப்பிட வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆயாவிடம் பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்டவை, நம் பேட்டையிலேயே அச்சானவை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் திண்ணையில் நெத்திலி ஆய்ந்துகொண்டு உட்காருவாள், நான் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். அல்லி அரசாணி மாலை. தெருவில் பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பார்கள், எனக்குக் கால் நிற்காது. ஒருநாள் இரண்டு மூன்று பக்கத்தைச் சேர்த்துத் தள்ளிவிட்டு, நடுவில் விட்டுப்போனதை ஒட்டவைக்க நானே ஒரு வரி விட்டேன். அர்ச்சுனனைப் பார்த்ததும் அல்லி தேம்பித் தேம்பி அழுதாள் என்று. ஆயாவின் கை நின்றது. விரலெல்லாம் செதில். நிமிர்ந்து பார்த்து, “இன்னாடா படிக்கிற? அல்லி எதுக்குடா அழுவா? அவ மதுரைய ஆள்றவ. ஒழுங்கா முன்னாடி போய்ப் படி” என்றாள். எத்தனையாவது பக்கத்தில் என்ன வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் கிடையாது, கதையைக் கலந்துகட்டித்தான் சொல்வாள். அல்லியை அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வியாச பாரதத்தில் அல்லி கிடையாது. பவளக்கொடி கிடையாது. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டும் என்று அடம்பிடிக்க, அதைத் தேடிப்போன இடத்தில் அர்ச்சுனன் பவளக்கொடியைப் பார்க்கிறான், அது தனி மாலை. புலந்திரனுக்கு ஒரு களவு மாலை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற இந்த வரிசை முழுக்கவே மகாபாரதத்தை ஒட்டி எழுந்த நாவல் வரிசை மாதிரிதான், ஒன்றில் பிறந்த பிள்ளை அடுத்ததில் ஓடியாடுகிறது. பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் ஒருமுறை ஆயாவிடம், இந்த அல்லியெல்லாம் பாரதத்தில் இல்லவே இல்லம்மா, வியாசர் எழுதவே இல்லை என்று சொன்னார். ஆயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்” என்றாள்.

உங்கள் நண்பருக்கு என் பதிலும் அதுதான். லூகாஸ்ஃபிலிமுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.

சும்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாரா ஜேட் எப்படி வருகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். செத்துப்போன பேரரசரின் கடைசிக் கட்டளை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, லூக்கைக் கொல். அவளுக்கு அவன் மேல் சொந்தக் கோபமும் உண்டு, அவனால்தான் அவள் வாழ்க்கை தெருவுக்கு வந்தது. ஜான் அவளைச் சட்டென்று மனம் மாறவைக்கவில்லை, மூன்று நாவல் எடுத்துக்கொண்டார். 1993-ல் வந்த மூன்றாவதில், லூக்கின் வெட்டுப்பட்ட கையிலிருந்தே செய்த நகல் மனிதனை அவள் வெட்டுகிறாள், கட்டளையும் நிறைவேறுகிறது, லூக்கும் பிழைக்கிறான். ஆயாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால் நெத்திலி ஆய்வதை நிறுத்தியிருக்க மாட்டாள். கேனன் கேனன் என்று, எது கணக்கில் உண்டு எது இல்லை என்று நாம் சண்டை போடுகிற பட்டியல் உரிமையாளருடைய கணக்குப்புத்தகம், அதை அவர் எப்போது வேண்டுமானாலும் கிழிப்பார். அவள் இதைச் செய்வாள், இதைச் செய்ய மாட்டாள் என்று உங்களுக்குத் தெரிகிறதே, அதைத்தான் நீங்கள் படித்தீர்கள். அதில் யாரும் கை வைக்க முடியாது. பிற்பாடு வந்த சில நாவல்களில் அவளை ஒரு மூலையில் உட்காரவைத்து லூக்குக்குத் தலையாட்ட விட்டார்கள், அவையெல்லாம் அப்போது ‘கணக்கில்’ இருந்தவைதான், எனக்கோ ஒட்டவே இல்லை. 2007-ல் ‘சாக்ரிஃபைஸ்’ நாவலில் அவளைக் கொன்றார்கள். உங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தை நானாக இருந்தால் பசை போட்டு ஒட்டியிருப்பேன்.

ஹானின் கூட்டாளி செவ்பாக்காவும் அப்படித்தான். 1999-ல் ‘வெக்டர் பிரைம்’ நாவலில் ஒரு கிரகத்தின் மேல் அதன் நிலாவே விழுகிறது, ஹானின் சின்ன மகனைக் கப்பலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு செவி கீழேயே நின்றுவிடுகிறான். எழுதிய சால்வடோர் வாங்காத திட்டில்லை, இத்தனைக்கும் செவி சாக வேண்டும் என்ற முடிவை எடுத்தவர் அவர் இல்லை. 2015-ல் படம் வந்தது, செவி கப்பலில் ஜம்மென்று நிற்கிறான். எனக்கு அது உறுத்தவே இல்லை. கூத்தில் அபிமன்யு வருஷா வருஷம் சாகிறான், மறு வருஷம் அரிதாரம் பூசிக்கொண்டு திரும்ப வருகிறான், எங்கள் ஆயா வருஷா வருஷம் மூக்கைச் சிந்தினாள்.

இதை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் வந்ததைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரியும். நீங்கள் நோட்டுப் போட்டது நல்ல வேலை. என் ‘எயர் டு தி எம்பயர்’ அல்லிக்குளம் வளாகத்தில் வாங்கியது, 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் போன இடம். மாரா ஜேட் எனக்குக் கிடைத்த இடத்தின் பெயரிலும் அல்லி இருக்கிறது, பாருங்கள். அதன் முதல் பக்கத்தில் முன்னால் வைத்திருந்த யாரோ பேனாவால் இதே மாதிரி ஒரு வருஷ வரிசை போட்டிருக்கிறார், பாதியில் மை தீர்ந்து பென்சிலுக்கு மாறியிருக்கிறார். கையெழுத்து உங்களுடையதைவிட மோசம்.

நோட்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எயர் டு தி எம்பயர்’ யாவின் போருக்கு, அதாவது முதல் படத்தின் கடைசிச் சண்டைக்கு, 9 வருஷம் கழித்து என்று போட்டிருக்கிறீர்கள், சரி. அதே பக்கத்தில் கீழே ‘வெக்டர் பிரைம்’ 24 என்று இருக்கிறது. அது 25. பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.