சாலையோர மேய்ச்சல் நிலத்தில் நாட்டுப்புல் குறைந்து பார்த்தீனியம் பெருகுவது ஏன்?

கேள்வி: ஐயா, என் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி நெடுஞ்சாலை வந்தபின், அந்தப் பக்கம் நாட்டுப்புல்லும் காட்டுப்பயறும் மெலிந்து பார்த்தீனியம் மண்டிவிட்டது. வண்டிப் புகை எல்லாச் செடிக்கும் கெடுதல்தானே? களை மட்டும் எப்படிச் செழிக்கிறது?

பதில்: புகையில் நஞ்சோடு உரமும் இருக்கிறது. வண்டிகள் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் தூசியோடும் மழையோடும் மண்ணில் இறங்கித் தழைச்சத்தாகின்றன. நீங்கள் யூரியா போடாமலே வருடம் முழுக்க மேலுரம் விழுகிறது. நாட்டுப்புல் பலவும் சத்துக் குறைந்த மண்ணில் நிதானமாக வளர்ந்து பழகியவை. பார்த்தீனியமோ கிடைத்த சத்தை உடனே எடுத்துத் தழைத்து, பக்கத்துச் செடிக்கு வெயிலை மறைத்துவிடும். காட்டுப்பயறின் பலமே வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வதுதான். மண்ணிலேயே அது தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பலம் உதவாது. போதாததற்கு, புகை வெயில் பட்டு ஓசோனாக மாறும். பயறு வகைகள் பல அதைத் தாங்குவதில்லை. முதிர்ந்த இலைகளின் மேற்புறம், நரம்புகளுக்கு இடையே பொடிப்பொடியாகப் புள்ளி தெரிகிறதா பாருங்கள்.

கலிபோர்னியாவில் சான் ஹோசே அருகே இதே கதை நடந்ததை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வண்டிப் புகை படியும் புல்வெளிகளில் மாடு மேய்ப்பதை நிறுத்திய இடங்களை அயல்நாட்டு ரைப்புல் மூடிக்கொண்டது; மேய்ச்சல் தொடர்ந்த இடங்களில் மாடுகள் அந்த ரைப்புல்லைத் தின்று குறைத்ததால் நாட்டுச் செடிகள் பிழைத்தன. அதனால் உங்கள் மாடுகளை அங்கிருந்து விலக்கிவிடாதீர்கள், புல் தரையோடு போகாதபடி அளவோடு மேயட்டும்.

பார்த்தீனியத்தை மட்டும் மேயவிடக் கூடாது. பால் கசக்கும், மாட்டின் உடம்புக்கும் ஆகாது. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை அங்கேயே போட்டால் அத்தனை சத்தும் திரும்ப அதே மண்ணுக்குத்தான் போகும். வெளியே எடுத்துச் சென்று மட்க வைத்து, வேறு வயலுக்குப் போடுங்கள். சாலையோரப் பகுதியில் சாணமோ யூரியாவோ ஒரு பிடிகூட வேண்டாம். வெற்றுமண் தெரியும் இடத்தில் மழைக்கு முன் நாட்டுப்புல் விதை தூவுங்கள். களைக்கொல்லியை நான் கடைசியில்தான் வைப்பேன். அது நிலத்தை வெறுமையாக்கி, அடுத்த களைக்கே இடம் கொடுக்கும்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாலைப் பக்கம் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று என இரண்டு மண் மாதிரி எடுத்து, நைட்ரேட்டும் (செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து) கார அமிலத் தன்மையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வேறுபாடு இல்லையென்றால், புகையைவிட, சாலைக்குக் கொட்டிய மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் வந்த விதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.