அடக்கம் செய்ய ஏன் அத்தனை அவசரம்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டு முஸ்லிம் அம்மாவோடு எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். பெருநாளுக்கு அவரிடமிருந்து வட்டிலப்பம் வரும், தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் கொடுத்தனுப்புவேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் காலமாகிவிட்டார். நான் வேலை முடிந்து பின்னேரம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளாவது வைத்திருக்கக் கூடாதா, ராத்தா?

- வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பத்தொன்பது வருடம் பழகியவரின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கக் கிடைக்காதது சின்ன விஷயம் இல்லை.

நான் மருதானையில் இருபத்தாறு வருடமாகப் பெண் மையித்துகளை, அதாவது இறந்த பெண்களின் உடல்களைக் குளிப்பாட்டி வருகிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீடுகளில் மலர்ச்சாலையில் ஏற்பாடு செய்து, மகன் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு மூன்று நாள் வைத்திருப்பீர்கள். உங்கள் அன்பு அப்படிக் காத்திருக்கிறது. எங்களில் மௌத்தானவரை (இறந்தவரை) காக்க வைக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) விரைவுபடுத்துங்கள், அவர் நல்லவர் என்றால் நன்மையின் பக்கம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உடலுக்கு மருந்து ஏற்றுகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. விடியற்காலையில் மௌத்து என்றால் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கோ அஸர் (பின்னேர) தொழுகைக்கோ அடக்கம் முடிந்துவிடும்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அவசரமாகத் தெரியும். அறைக்குள்ளே ஒருவரும் அவசரப்படுவதில்லை. பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவோம். கணவருக்கும் அனுமதி உண்டு. உடம்பின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, அந்தத் துணிக்குக் கீழேயே கையை விட்டுக் கழுவுவோம், ஏனென்றால் உயிரோடு இருந்தபோது மறைத்ததை இப்போதும் மறைக்க வேண்டும். வலப்பக்கத்தில் தொடங்கி மூன்று தரம், தேவைப்பட்டால் ஐந்து தரம், ஒற்றைப்படையாகத் தண்ணீர் ஊற்றுவோம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்போம். தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னிப் பின்பக்கம் விடுவோம். நபியவர்களின் மகள் வஃபாத்தானபோது குளிப்பாட்டிய பெண்கள் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருமுறை ஒரு மூதாட்டியின் விரலிலிருந்து மோதிரம் கழரவில்லை. மருமகள் இழுக்கப் போனாள். நான் தடுத்தேன். சவர்க்காரத்தை நுரைக்க வைத்துத் தடவி, மெல்லத் திருப்பித் திருப்பிக் கழற்றக் கால்மணி நேரம் எடுத்தது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போல என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. வெளியே ஆண்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த விரலுக்கு வலிக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது முக்கியமாக இருந்தது.

அப்புறம் கபன். பெண்ணுக்கு ஐந்து துண்டு வெள்ளைத் துணி, ஆணுக்கு மூன்று. கறுவாத்தோட்டத்து மாளிகையில் இருந்தவருக்கும் கொம்பனித்தெருவில் ஒற்றை அறையில் இருந்தவருக்கும் அதே துணிதான். நான் இரண்டு பேரையும் பொதிந்திருக்கிறேன். கபனிட்ட பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது.

ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, ஸுஜூதும் (நெற்றியை நிலத்தில் வைப்பதும்) இல்லை. நின்றபடியே நான்கு தக்பீரும் (அல்லாஹு அக்பர் என்று சொல்வது) துஆவும்தான் (பிரார்த்தனை). பிறகு ஜாவத்தை அல்லது குப்பியாவத்தை மையவாடி (அடக்கத்தலம்). கப்றில் (குழியில்) வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தைக் கிப்லாவுக்கு, அதாவது மக்காவின் பக்கம், திருப்பி வைப்பார்கள். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்றால், நேரே இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கிறதே, அந்தத் திசை. பெண்கள் ஜனாஸாவுக்குப் பின்னால் மையவாடிவரை போவது நம்மூர் வழக்கத்தில் இல்லை. வீட்டிலேயே துஆக் கேட்போம்.

இனி உங்கள் மனவருத்தம். கபனை மூடுவதற்கு முன்னால் நீங்கள் வந்து முகம் பார்க்க எங்கள் மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை. அந்த வீட்டில் யாராவது உங்களுக்கு ஒரு கோல் எடுத்திருக்க வேண்டும், எடுக்காதது பிழைதான். மௌத்து வீட்டில் யார் யாருக்குச் சொன்னோம் என்பதே நினைவிருக்காது என்றாலும், அயலவருக்குச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக வைக்கலாம். இதை வாசிக்கிற முஸ்லிம் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருமுறை ஒரு யூதரின் ஜனாஸா போனபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் ஓர் உயிர் இல்லையா என்று கேட்டார்கள். நாங்கள் அப்படி எழுந்து நிற்க வேண்டியவர்கள் என்றால், எங்கள் ஜனாஸாவுக்கு எழுந்து நிற்க வருகிற அயலவரை விட்டுவிடலாமா?

கேள்வி: மௌத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகலாமா? நாங்கள் சைவம். வாங்குவார்களா?

- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தாராளமாகக் கொண்டு போங்கள். நபியவர்களின் உறவினரான ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான (போரில் உயிர்த்தியாகம் செய்த) செய்தி வந்ததும், அவர் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்களுக்குக் கவலை வந்திருக்கிறது என்று நபியவர்கள் சொன்னார்கள். அடுப்பு மூட்ட மனம் வராத வீட்டுக்கு அயலார்தான் சமைக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் அந்த வீட்டாரே ஆக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். சைவச் சாப்பாடு என்றால் ஹலால் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை. இடியாப்பமும் சொதியும் கொண்டு போங்கள், சின்னப் பிள்ளைகள் முதலில் சாப்பிடும்.

கேள்வி: கொரோனா காலத்தில் என் உம்மம்மாவை எரித்துவிட்டார்கள். அப்போது எனக்கு 17 வயது. கப்று இல்லாதவருக்கு மறுமையில் என்ன நடக்கும் என்று இன்றும் தூக்கம் வருவதில்லை. நோன்பு காலத்தில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தனுப்புவது அவருக்கு அத்தனை விருப்பம்.

- தெமட்டகொடை வாசகி

பதில்: மகள், இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து பலமுறை எழும்பிப் போனேன்.

2020 ஏப்ரலில் கொரோனாவில் மௌத்தானவர்களுக்குத் தகனம் கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். அந்த டிசம்பரில் எல்லா மதத்தவரும் பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் ஒரு துண்டு கட்டினேன். கபன் துணியில் கிழித்த துண்டு. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது, அதுவும் கிழக்கே ஓட்டமாவடியில் மட்டும். 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. குளிப்பாட்டக் கிடைக்காமல் போன பெண்களை நினைத்தால் இன்றும் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உம்மம்மாவைப் பற்றிப் பயப்படாதீர்கள். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று குர்ஆனில் சூரத்துல் பகராவின் கடைசி ஆயத்தில் (வசனத்தில்) இருக்கிறது. எரித்தது அவருடைய செயல் இல்லை, உங்களுடையதும் இல்லை. முன்னொரு காலத்தில் ஒரு மனிதர், அல்லாஹ்வுக்குப் பயந்து, தான் மௌத்தானதும் தன்னை எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவச் சொன்னார். அல்லாஹ் அந்தத் துகள்களை ஒன்றுசேர்த்து எழுப்பி, ஏன் செய்தாய் என்று கேட்டான். உன் மீதுள்ள பயத்தால்தான் என்றார். அவரை மன்னித்துவிட்டான். இது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ். தானே கேட்டு எரிந்தவரை எழுப்ப முடிந்த ரப்புக்கு, பலவந்தமாக எரிக்கப்பட்ட உங்கள் உம்மம்மாவை எழுப்புவது கஷ்டமா? கொள்ளைநோயில் மௌத்தானவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்ற ஹதீஸையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென மௌத்தான தன் தாய்க்காக ஸதகா (தர்மம்) கொடுத்தால் நன்மை சேருமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆம் என்றார்கள் நபியவர்கள். அதனால் வருகிற ரமழானில் உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லி, ஒரு நாள் நோன்புக் கஞ்சிச் செலவை உம்மம்மாவின் பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று அஸருக்குப் பிறகு நீங்களும் போய், பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி வாங்க வருகிற பிள்ளைகளின் வாளியில் உங்கள் கையாலேயே ஊற்றுங்கள்.