கால்வாயில் மேயும் வாத்துக்குத் தீவனமும் வேண்டுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓடுகிறது. எங்கள் வாத்துகள் காலையில் இறங்கினால் பொழுது சாயத்தான் ஏறி வருகின்றன. காட்டு வாத்துக்கு யார் தீவனம் போடுகிறார்கள்? நானும் நிறுத்திவிடலாமா? பேரப்பிள்ளைகள் வேறு தினமும் ரொட்டி போடுகிறார்கள்.”

முட்டையும் குஞ்சும் வேண்டுமென்றால் தீவனத்தை நிறுத்தாதீர்கள். ரொட்டியை இன்றே நிறுத்துங்கள். வயிறு நிறையும், சத்து சேராது. மிஞ்சியது ஊறி அழுகித் தண்ணீரையும் கெடுக்கும்.

காட்டு வாத்தின் சாப்பாடு காலத்துக்கு ஏற்ப மாறும். நம் வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான மல்லார்ட், சாதாரண நாட்களில் விதை, தானியம், நீர்ச்செடி என்று மேயும். முட்டையிடும் பருவத்தில் பெட்டை புழு, பூச்சி, நத்தையைத் தேடிப் போகும். குஞ்சுகளுக்கோ முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பூச்சிதான். பேராக்கின் பழைய ஈயக்குட்டைகளில் தென்படும் பெலிபிஸ் என்ற சின்னக் காட்டு வாத்து கொஞ்சம் வேறு மாதிரி: இரவில் அதிகம் மேயும், நீர்ச்செடியும் நெல்லும்தான் முக்கியம், நடுநடுவே நத்தையும் சின்ன மீனும்.

உங்கள் வாத்து சேற்றில் அலகை விட்டுச் சளசளவென்று அலசுவதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அலகின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி வரிசை இருக்கிறது. தண்ணீர் அதன் வழியே வெளியேறிவிடும். விதையும் புழுவும் உள்ளே தங்கிவிடும். கலங்கிய கால்வாயிலும் அதற்கு இரை கிடைப்பது இப்படித்தான். கங்கோங் தண்டு, தலைப்பிரட்டை, சின்ன நத்தை எல்லாம் அங்கே உண்டு. வயலில் நெல்லை நாசமாக்கும் தங்க நத்தையின் குஞ்சுகளையும் விரும்பித் தின்னும். செடித்தண்டில் ஒட்டியிருக்கும் அதன் ரோஸ் நிற முட்டையில் மட்டும் நஞ்சு இருக்கிறது.

சரி, இவ்வளவு கிடைத்தும் ஏன் போதாது? ஒரு குளத்தில் இரை தீர்ந்தால் காட்டு வாத்து அடுத்த குளத்துக்குப் பறந்துவிடும். உங்களுடையது அதே கால்வாயைத்தான் சுற்றி வர வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் முட்டை. மல்லார்ட் ஓர் அடைக்குப் பத்து முட்டை போல இடும்; காக்கி கேம்ப்பெல் மாதிரி முட்டை வாத்து வருடத்துக்கு 200க்கு மேல் இடும். அத்தனைக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கால்வாய் தராது.

பகலில் மேயட்டும். மாலையில் முட்டைக்கோழித் தீவனம் வையுங்கள். அடைத்து வளர்த்தால் ஒரு வாத்து நாளுக்கு 150 கிராமுக்கு மேல் தின்னும்; மேய்ந்து வருவதற்குப் பாதியில் தொடங்கி, முட்டை குறைந்தால் கூட்டுங்கள். பக்கத்தில் மூக்கு முங்கும் ஆழத்துக்குத் தண்ணீரும், ஒரு தட்டில் பருமணலும் இருக்கட்டும். குஞ்சுகளுக்கு இந்தத் தீவனம் ஆகாது, சுண்ணாம்பு அதிகம். கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (brewer's yeast) தூள் கலந்து கொடுங்கள். வாத்துக்குஞ்சுக்கு அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் கூடுதலாக வேண்டும், குறைந்தால் கால் வளைந்து தள்ளாடும்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே பயம் தருவது தோட்டத்து மருந்துதான். களைக்கொல்லி அடிக்கும் நாளையும், மரத்தடியில் எலி மருந்துக் கட்டி போடும் நாளையும் மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு, அப்போதெல்லாம் வாத்துகளை அடைத்து வையுங்கள். வறட்சியில் கால்வாய் தேங்கி நாறினாலும் இறக்க வேண்டாம். ஏதாவது ஒன்று கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்தால், மற்றவற்றை உடனே அந்தத் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.