ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா? வாங்கலாம், பெயின்டைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். 1970களின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி, நானே சரிசெய்து ஓட்ட ஆசை. இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் எப்போதும் மக்கர் பண்ணும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

'மக்கர் பண்ணும்' என்ற வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என்னிடம் 1978ஆம் வருட ஸ்பிட்ஃபயர் 1500 இருக்கிறது. வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே ஒரு முறை அது என்னை நடுவழியில் விட்டிருக்கிறது, அதுவும் காரின் குற்றம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, வீடு கோவென்ட்ரி பக்கம். இந்த ஊர் கான்லியில்தான் ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை உருவானது. எம்.ஜி.பி என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வந்து அதுதான் நல்ல கார், உதிரிபாகம் சுலபம் என்பார்கள். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. 'உலகம் மின்சாரக் காருக்குப் போகும்போது இது தேவையா' என்று கேட்பவர்களுக்கு: நான் வருடத்துக்கு ஆயிரம் மைல் கூட இதில் போவதில்லை, தினமும் வேலைக்குப் பேருந்தில்தான் போகிறேன்.

நீங்கள் இங்கே வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், வாடகை வீடு, கையில் கொஞ்சம் சேமிப்பு, ராத்திரி எல்லாம் வீடியோ பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2014இல் 2,800 பவுண்டுக்கு வாங்கினேன். இன்கா மஞ்சள் என்பது அந்தக் கம்பெனி வைத்த நிறப்பெயர், எனக்கு அது நன்றாகப் பழுத்த பங்கனபள்ளி நிறம். பார்த்ததும் மனசு போய்விட்டது. அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? புது பெயின்ட், புது சீட் உறை, புது மடக்குக்கூரை, குரோம் பூசிய கண்ணாடி. முதல் இரண்டு வருடப் பணம் முழுக்க வெளியே தெரியும் இடங்களுக்கே போனது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. சர்வீஸுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், பெயர் வேண்டாம். இரண்டு முறையும் எம்.ஓ.டி சோதனையில் (கார் ஓட்டத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்ப்பது) தேறியது.

2016 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. கெனில்வொர்த்தில் கடையில் சாமான் வாங்கிவிட்டு பார்க்கிங்கிலிருந்து வெளியே வருகிறேன். பக்கத்தில் என் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். (இந்தக் காரைப் பெருமையாகச் சொல்ல ஒரு விஷயம் அது. சுமார் 24 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.) நடக்கிற வேகம்தான். காய்ந்த தேங்காயை உடைத்த மாதிரி ஒரு சத்தம், வலது முன்பக்கம் தரையில் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் கணுக்கால் பிசகின மாதிரி மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. மகள் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் நாங்கள் ஏ46 நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று ராத்திரி தாம்பரத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். 1975இல் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கி பதினாலு வருடம் வைத்திருந்தார். தெரியாதவர்களுக்கு: ஹெரால்டு என்பது ட்ரையம்ஃப் ஹெரால்டுதான், 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்றது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தங்கச்சி. அதே வகை சேசிஸை (அடிச்சட்டத்தை) குட்டையாக்கி, அதே முன் சஸ்பென்ஷனைப் போட்டு, மிக்கெலோட்டி என்ற அதே இத்தாலியரை வைத்து மேல்கட்டு வரைய வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா காருக்கு அடியில் படுத்திருப்பார், நான் டார்ச் பிடிப்பேன். அவ்வளவு வருடம் டார்ச் பிடித்தும் ஒன்றையும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

போனில் நான் பாதி சொல்வதற்குள் அப்பா கேட்டார்: "ட்ரன்னியனுக்கு எண்ணெய் விட்டியா பாப்பா, கிரீஸ் அடிச்சியா?"

ஒர்க்‌ஷாப் பில்லை எடுத்துப் பார்த்தேன். பேனாவில் எழுதியிருந்தது, 'முன் ட்ரன்னியன் இரண்டுக்கும் கிரீஸ் போடப்பட்டது'. இரண்டு வருடப் பில்லிலும் அதே வரி.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீங்கள் வாங்கப்போகும் காரிலும் இது இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும், அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். போல்ட்டும் நட்டும் மாதிரிதான், ஆனால் இறுக்கி வைப்பதில்லை. ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த மரை திரும்பிக் கொடுக்கும். முன்பக்க பாரம் முழுக்க இந்த வழியாகத்தான் போகிறது. கம்பெனிக் கையேடு இதற்கு எண்ணெய் விடச் சொல்கிறது, கியர்பாக்ஸுக்கு விடும் கெட்டியான இபி 90 வகை. எண்ணெய் மரை முழுக்க இறங்கி அடிவரை போகும். கிரீஸ் மேலேயே நின்று காய்ந்து கெட்டியாகிவிடும். அடியில் தண்ணீர் தங்கும், இந்த ஊர் குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் சேரும், இரும்பு உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும். வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. கிரீஸே போதும், நான் முப்பது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன் என்று யாராவது கீழே எழுதுவார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாதது சந்தோஷம். எனக்கு ஆனதைத்தான் நான் எழுத முடியும்.

உடைந்த துண்டை வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கிட்ட கொண்டுபோ என்றார். உடைந்த முகத்தில் முக்கால்வாசி பழைய ஆணி மாதிரி பழுப்பு நிறம், ஓரத்தில் நகம் அளவுக்குப் பிறை வடிவில் வெள்ளி மாதிரி பளபளப்பு. "அந்தப் பளபளப்புதான் இன்னிக்கு உடைஞ்சது, மத்ததெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு. அந்த நகத்தளவு இரும்புலதான் நீயும் குழந்தையும் வந்திருக்கீங்க" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

உடைந்ததை மாற்றும் வேலையை நானே செய்வது என்று அன்றைக்கு முடிவு எடுத்தேன். நாலு வார இறுதி ஆனது. ட்ரன்னியனைக் குறுக்கே பிடித்திருக்கும் போல்ட் உள்ளே துருவோடு ஒட்டிப்போய் அசையவே இல்லை. துரு கழற்றும் எண்ணெய் அடித்து ஒரு வாரம் விட்டேன், தீ காட்டினேன், கடைசியில் ஹேக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன். ஒன்று கவனியுங்கள், வலது பக்க மரை வழக்கமான மரை, இடது பக்கம் எதிர்மரை. பாகங்களை மாற்றி வாங்கிவிடாதீர்கள். இடது பக்கம் உடையவில்லைதான், ஆனாலும் அதையும் கழற்றினேன். மரை பாதி தேய்ந்து ஊசி மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் புதிது போட்டேன். இப்போது மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் எண்ணெய் நிரப்பி அடியிலிருந்து ஏற்றுகிறேன், மேலே கறுப்பு எண்ணெய் போய் சுத்தமான எண்ணெய் கசியும்வரை. பத்து நிமிட வேலை, கீழே நாலு சொட்டு சிந்தும்.

அதனால்தான் 'மக்கர்' என்றால் எனக்குக் கோபம் வருகிறது. சின்னச் சின்ன கவனிப்பைத் தவறாமல் கேட்கும் வண்டி இது. கையேட்டில் எழுதியதைச் செய்யாமல் இருபது வருடம் விட்டுவிட்டு அப்புறம் காரைத் திட்டுகிறார்கள். இந்தக் கார்களில் இருக்கும் லூகாஸ் கம்பெனி மின்சாதனங்களைப் பற்றி இந்த ஊரில் சொல்லாத கிண்டல் இல்லை. நம் சென்னையில், பாடி என்ற இடத்தில் லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறதே, அந்த லூகாஸ்தான். என் காரில் ஹெட்லைட் மங்கியது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கியது. அப்பா சொன்ன ஒரே வார்த்தை, "எர்த் பாரு". எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடங்களை எல்லாம் உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கினேன். ஒரு பாகமும் மாற்றவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கு முன்னால் ஸ்விட்ச், ரிலே என்று 140 பவுண்டு செலவழித்திருந்தேன்.

உனக்கு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் கேட்கிறார்கள். கேட்கிற தொனியிலேயே தெரியும், வேலை வெட்டி இல்லாதவள் என்று அர்த்தம். சனிக்கிழமை காலையில் நான் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். முப்பத்திரண்டு பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இப்போது ஏழு பேர். நேரம் இல்லையாம். அதே பெற்றோர் கிராமர் ஸ்கூல் (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி) நுழைவுத்தேர்வு கோச்சிங்குக்கு வாரம் மூன்று நாள் இருபது மைல் காரில் கூட்டிப்போகிறார்கள். பிள்ளை பாட்டியோடு போனில் பேச முடியாமல் விழிக்கும்போது மட்டும் என்னிடம் வந்து வருத்தப்படுகிறார்கள். இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஒரு முறை, அதுகூடவா முடியாது? எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். சரி, விடுங்கள், காருக்கு வருகிறேன்.

2018இல் அப்பா வந்திருந்தார். கராஜைத் திறந்ததும் காரைச் சுற்றிக்கூட வரவில்லை, நேராகக் கொக்கிகளைக் கழற்றி பானட்டை முன்பக்கமாகத் தூக்கினார். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த மொத்த முகமும் ஹெரால்டு மாதிரியே முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்தால் முன்சக்கரம் வெளியே தெரியும். அந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டீ கேட்டார். எழுபத்தாறு வயது. அரை இஞ்ச் ஸ்பானர், ஏழு பை பதினாறு ஸ்பானர் என்று பார்க்காமலே கையை நீட்டிக் கேட்டார். இந்தக் கார்களில் பெரும்பாலும் இஞ்ச் கணக்குதான், மில்லிமீட்டர் ஸ்பானர் வைத்துத் திருகி நட்டின் முனைகளை மழுங்க வைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கார். 1970களில் எந்த வருடம் என்று நீங்கள் சொல்லவில்லை. மார்க் 4 என்ற மாடலுக்கு முந்தையது என்றால் பின்சக்கரத்தைக் கவனிக்க வேண்டும், வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970 கடைசியில் வந்த அந்த மார்க் 4 முதல் பின் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அதைப் பெருமளவு சரிசெய்தார்கள். பெட்ரோல் குழாய்களைக் கட்டாயம் பாருங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், 5 சதவீதம் வரை மட்டும் எத்தனால் உள்ள இ5 பெட்ரோல் ஊற்றுங்கள். நாற்பது வருடம் தாண்டிய காருக்கு வாகன வரி கிடையாது, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் எம்.ஓ.டியும் கட்டாயம் இல்லை. நான் இருந்தாலும் வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன், நீங்களும் காட்டுங்கள்.

துருதான் பெரிய செலவு. இதற்குத் தனி சேசிஸ் இருக்கிறது, பாடி துருப்பிடித்தால் பரவாயில்லை என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். சேசிஸ் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடுவது மட்டும்தான், கதவுக்குக் கீழே இருக்கும் சில் பெட்டிதான் பாடியை விறைப்பாகப் பிடிக்கிறது. அங்கே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டியும் பெயின்டும்தான் இருக்கிறது. சில்லை மாற்றுவதானால் அறுப்பதற்கு முன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுத்து வெல்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் பாடி தொய்ந்து கதவு சாத்தவே சாத்தாது. வெல்டிங்கை நான் தெரிந்தவரிடம்தான் கொடுத்தேன். உங்கள் வாடகை வீட்டின் உரிமையாளர் கராஜில் தீப்பொறி பறக்க விடமாட்டார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகு பானட்டைத் திறந்துவைத்து, அவரை உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று, இன்ஜினின் முன்முனையில் இருக்கும் சக்கரமான கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னும் பின்னும் போய்வந்தால் கிராங்க் தண்டை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, சில சமயம் கழன்று கீழே இன்ஜின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பிலேயே விழுந்திருக்கும், பிளாக்கும் கிராங்க்கும் கெட்டுப்போயிருக்கலாம். அப்படி இருந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். புல்லி அசையவில்லை, சில்லும் கெட்டியாக இருக்கிறது என்றால் ட்ரன்னியனுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். 'கிரீஸ் போட்டிருக்கிறேன்' என்று பதில் வந்தால், இரண்டு பக்கத்துக்கும் புதிது வாங்கும் பணத்தை விலையில் கழித்துவிட்டு, காரை ஓட்டி வராமல் ட்ரெய்லரில் ஏற்றி வாருங்கள்.