மைமோனிடிஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: முதுகலை தத்துவம் படிக்கிறேன். 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவவாதியும் சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் யூதச் சிந்தனையில் ஏற்படுத்திய தாக்கம் பற்றி 20 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய தத்துவ நூலான 'குழம்பியோருக்கான வழிகாட்டி'யைத் திறந்தேன். பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு அந்த நூலை மூடி வையுங்கள். குறை உங்களிடம் இல்லை. தர்க்கமும் வானியலும் கற்ற ஒரு மாணவருக்காக, அரபு மொழியில், எபிரேய எழுத்தில், 1190 வாக்கில் எழுதி முடித்தது அது. உள்ளே முரண்பாடுகள் இருக்கும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். முதல் வாசிப்பில் தடுமாறாதவர்கள் குறைவு.

அதற்குப் பதில் அவருடைய சட்டத்தொகுப்பான 'மிஷ்னே தோரா'வை எடுங்கள். மொத்தம் 14 பகுதிகள். பயப்பட வேண்டாம், ஏழைகளுக்கான கொடை பற்றிய சட்டங்களில் 10ஆம் அத்தியாயம் போதும். கொடுப்பதில் எட்டுப் படிகள் என்கிறார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. வாங்குபவர் யாரென்று கொடுப்பவருக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்: அந்தக்கால அறிஞர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடப்பார்களாம், ஏழைகள் வந்து எடுத்துக்கொள்வார்களாம். வாங்குபவர் கூச வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைப்பது வேறு: கடன் கொடு, தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொள், வேலை தேடிக் கொடு, அவர் இன்னொருவரிடம் கைநீட்டும் நிலையே வராமல் பார்த்துக்கொள். யூதர்கள் நடத்தும் வட்டியில்லாக் கடன் சங்கங்கள் (நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய ஒன்று இன்றும் இருக்கிறது) தங்கள் வேலையை விளக்கும்போது இந்த மேல்படியைத்தான் காட்டுவது வழக்கம்.

இங்கேதான் உங்கள் பேச்சின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மைமோனிடிஸின் தத்துவத்தை ஏற்காதவர்களும் அவர் போட்ட தடத்தில்தான் நடக்கிறார்கள். அவர் வகுத்த 13 நம்பிக்கைகளைச் சிலர் கடுமையாக மறுத்தார்கள்; ஆனாலும் அவற்றைப் பாட்டாக்கிய 'யிக்தால்' இன்றும் ஜெபப் புத்தகங்களில் இருக்கிறது. 1565இல் அச்சான 'ஷுல்ஹான் ஆருக்' என்ற சட்டநூலுக்கு அதை எழுதிய ஜோசப் காரோ, தமக்கு முந்தைய சட்ட அறிஞர்கள் மூன்று பேரைத் தூணாக வைத்தார். அதில் ஒருவர் மைமோனிடிஸ்.

எதிர்ப்பை விட்டுவிடாதீர்கள். மிஷ்னே தோராவின் அச்சுப் பக்கத்தைப் பாருங்கள். மூலத்தோடு பக்கத்திலேயே பிரான்சின் தென்பகுதியைச் சேர்ந்த ராவாத் என்ற யூத மத அறிஞரின் மறுப்பும் இருக்கும். கடவுளுக்கு உடல் உண்டு என்பவன் மதவிரோதி என்று மைமோனிடிஸ் எழுத, ராவாத் கேட்கிறார்: இவரைவிடப் பெரியவர்களே அப்படி நம்பியிருக்கிறார்களே, அவர்களை எப்படி மதவிரோதி என்பது? நூலையும் எதிர்ப்பையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கும் மரபு அது. முடிந்தால் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவரைப் பகுத்தறிவாளர் என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்தியப் பெருங்கடலில் வணிகத்துக்குப் போன தம்பி தாவீது மூழ்கி இறந்தபோது, ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தவர் அவர். மருத்துவம் பார்த்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சரி, தொடக்கத்துக்கு என்ன செய்யலாம்? 'வழிகாட்டி'யை எபிரேயத்தில் பெயர்த்த சாமுவேல் இப்ன் திப்பனுக்கு 1199இல் அவர் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பத்தியை வாசியுங்கள். காலையில் வைத்தியம் பார்க்க சுல்தானின் அரண்மனைக்குப் போய், பசியோடு வீடு திரும்பினால் வாசல் நிறைய நோயாளிகள். கை கழுவி, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு எதையோ சாப்பிடுகிறார். நாள் முழுவதற்கும் அந்த ஒரு வேளைதான். அப்புறம் இரவுவரை வைத்தியம், களைத்துப்போய்ப் படுத்தபடியே.