அட்வான்ஸ் வாங்கிய பிறகு வீட்டு விற்பனை நின்றுபோனால், உடனே வேறு ஒருவருக்கு விற்கலாமா?

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தம் என்பது, இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள் வீட்டை எழுதித் தருகிறேன் என்ற வாக்குதான், கிரயம் அல்ல. லோன் கிடைக்காமல் வாங்குபவர் பின்வாங்கினாலும், பதிவான ஒப்பந்தம், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். அடுத்து வருபவரின் பேங்க் வக்கீல் கண்ணில் அந்த வரிதான் முதலில் படும். பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி: ஆள் இறங்கிப் போனாலும் துண்டை எடுத்தால்தான் இடம் காலி.

அட்வான்ஸ் கணக்கைத் தீர்த்து, இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதியுங்கள். ரொக்கம் வேண்டாம்; டிடி எண்ணைப் பத்திரத்திலேயே குறியுங்கள். வாங்குபவர் கையெழுத்துப் போட வர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், பிறகு கோர்ட். அது இழுக்கும் வேலை.

கெடு முடிந்தாலே ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகள் வரை வாங்குபவர் வழக்குப் போடலாம்.